ஓசியில் வந்த மின்விசிறி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே எங்கள் கம்பெனிக் கிடங்கின் பழைய இரும்புக் குவியலில் பழங்காலத்து மின்விசிறி ஒன்று கிடைத்தது. துருவைத் தேய்த்து, பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்து அறையில் மாட்டினேன். ஜம்மென்று சுற்றுகிறது.

கூடத் தங்கியிருக்கும் வெல்டருக்குத்தான் சந்தேகம். "நல்ல ஃபேன எவன்ணே தூக்கிப் போடுவான்? கழண்டு விழும், பாருங்க!" என்று கட்டிலோடு பக்கத்து அறைக்குப் போய்விட்டான். என் குறட்டைக்குப் பயந்து விசிறிமேல் பழி போடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். நீயே சொல், நான் அப்படியா குறட்டை விடுகிறேன்?

எதற்கும் இருக்கட்டும் என்று என் கட்டிலையும் சுவரோரம் தள்ளிவிட்டேன். இப்போது விசிறி வெறும் தரைக்குத்தான் காற்று வீசுகிறது.

விசிறியைத் துடைக்க உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். சந்தேகப்படாதே, துடைக்கத்தான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்