என் பூட்ஸில் ஊற்றிய பீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் தம்பி டார்சியும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பண்ணையில் மழை பெய்ததா? மாமா வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று டார்சி முதல்முறையாகப் பெரியவர்கள் அணியில் ஃபுட்டி பந்தாட்டம் ஆடினான். அவன் பூட்ஸ் கிழிந்துவிட்டதால் என்னுடையதைப் போட்டுக்கொண்டான். பந்து அவன் பக்கமே வரவில்லை. காலையில் பெண்கள் ஆட்டத்தில் நான் நான்கு கோல் அடித்தேன். அதற்கு மாமா ஒரு லெமனேட் வாங்கித் தந்தார்.

சாயங்காலம் கிளப்பில் அந்தச் சேற்று பூட்ஸைக் கழற்றி, அதிலேயே பீரை ஊற்றினார்கள். முதல் ஆட்டம் ஆடியவன் அப்படிக் குடிப்பது இங்கே வழக்கமாம்.

"குடிடா மாப்ளே! ஆம்பளையா இல்லையா, பாத்துருவோம்!" என்றார் மாமா.

"பூட்ஸ் என்னோடது. எனக்கும் குடுங்க" என்றேன்.

"நீ போயி சிப்ஸ் தின்னும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார், கிளப்பே பாடியது. எனக்கு வயிறு எரிந்தது. மறுபடி மறுபடி ஊற்றினார்கள்.

இப்போது டார்சி என் பக்கத்தில் தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான். வாந்தி நின்றுவிட்டது, கூப்பிட்டால் "ம்" என்கிறான், பயப்படாதீர்கள். "அம்மாட்ட சொன்ன, அப்புறம் உனக்கு ஆட்டமே கெடையாது" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார் மாமா. அதனால் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் ஆடுவதைப் பார்க்க வந்ததாகச் சொல்லி வாருங்கள். நீங்கள் நின்றால் அவனுக்கு ஊற்றமாட்டார்கள். வரும்போது எனக்கு வேறு பூட்ஸ் கொண்டு வாருங்கள். கொஞ்சம் சீக்கிரமே வந்தால், நான் ஆடுவதையும் நிஜமாகவே பார்க்கலாம்.

யாரோ எழுந்துவிட்டார்கள். விளக்கை அணைக்கிறேன்.

ப்ரின்