அப்பாவின் ஒற்றைக்கண்

எச்சிசென்
நவம்பர் 9

அன்புள்ள சினோபுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். ஹாம்பர்க்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. அப்பாவுக்கு வலது கண் போய்விட்டதே, இனிமேலாவது கத்திப் பட்டறையை மூடச் சொல் என்று எழுதியிருந்தாய். உன் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்.

நாற்பது வருடமாக இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் உலையைப் பார்த்தவர் அவர். எஃகு எந்தச் சிவப்பில் தண்ணீருக்குள் போக வேண்டும் என்பது அந்த ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். மருத்துவமனையிலிருந்து வந்து மறுபடி உலை முன்னால் நின்ற அன்றைக்குப் பழக்கதோஷத்தில் நல்ல கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்வையில்லாத கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். கூட வேலை செய்யும் இவாசே முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான்தான், "எந்தக் கண்ண மூடியிருக்கீங்கன்னு கொஞ்சம் யோசிங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு போகவில்லை, இடது கண்ணுக்கு நெருப்பு புதிது அல்லவா, அடுத்தடுத்து ஆறு கத்திகள் தண்ணீரில் விரிசல் விட்டன. அவர் சாப்பாட்டையே குறைத்துவிட்டார், இத்தோடு விட்டுவிடுவாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்து மீன்கடைக் குமகிச்சி, "என்னப்பா கன்ச்சி, கத்தி வருதா, ரம்பம் வருதா" என்று கேட்டான். கன்ச்சி என்று ஒற்றைக்கண்ணனைத் திட்டுகிற அந்தச் சொல் உனக்குத் தெரியும்தானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் நிதானமாக, "திட்டணும்னா வேற வார்த்தை தேடு. கொல்லனுக்குப் பழைய பேரு கனுச்சி, அவன் ஒரு கண்ண மூடி உலையப் பாத்துப் பாத்து, அந்தப் பேரே ஒத்தக்கண்ணனுக்குக் கன்ச்சின்னு ஆச்சுன்னு படிச்சவங்களே சொல்றாங்க. எங்க கொல்லர் சாமிக்கே ஒரு கண்ணுதான்" என்றார். குமகிச்சி ஒரு கானாங்கெளுத்தியைக் கூடுதலாகப் பொட்டலத்தில் போட்டான். உன் அப்பா மேல் எனக்கு இத்தனை வருடத்தில் வராத பெருமை அன்றைக்கு வந்தது.

நேற்று துருத்திப் பூஜை, உலை மூட்டாத நாள், துருத்திக்கு முன்னால் ஆரஞ்சு படைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இன்று காலை, பூஜைக்குப் பிறகு முதல் கத்தியைக் காய்ச்சினார். வழக்கத்தைவிட வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் தண்ணீரில் இறக்கினார். இவாசே எடுத்துச் சுண்டிப் பார்த்தார், சுத்தமான சத்தம், ஒரு கீறல் இல்லை. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கிற கண் அழுதது, சினோபு, பார்க்காத கண்ணும் அழுதது.

பட்டறையை மூடு என்று இனி எழுதாதே. சாமி துணையாக நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. இந்த வாரமே அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, பெரிய எழுத்தாக எழுது.

உன் அம்மா
மசுயோ