லெமுவல் எடுத்த மவுத் ஆர்கன்

கிரீன்வில், மிசிசிப்பி

அன்பு மகளே,

குரல் அப்படியே இருக்கிறது என்று போன கடிதத்தில் பெருமையடித்தேனே, அது பொய்யாகிவிட்டது. என் குரல் இறங்க இறங்க, என் குழுவினர் எனக்குத் தெரியாமல் கிடார்களின் சுருதியை இறக்கி வந்திருக்கிறார்கள். மவுத் ஆர்கனில் அப்படி இறக்க முடியாது, சுருதி குறைந்த வேறொன்றைத்தான் எடுக்க வேண்டும். சனிக்கிழமை கிளப்பில், அதை வாசிக்கும் லெமுவல் அப்படி வேறொன்றை எடுத்ததைப் பார்த்துவிட்டேன்.

"எத்தன நாளாடா இந்தக் கூத்து?"

"போன வருஷத்துலேருந்துண்ணே. திட்டாதீங்க. இதுக்குக் கீழ எங்கிட்ட வேற இல்ல."

தொண்டைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்காதே.

சிகாகோவுக்கு, உன் கல்யாணத்துக்கு, வந்துவிடுவேன். பாட மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அப்பா