எனக்கு மட்டும் உடைகிற டிப்

ஜூலை 7, திங்கள்

அப்துல் கபூர் ஹாஜியாரின் ஓடர் கிடைத்துவிட்டது. அவர் கட்டுகிற மீன்பிடி போட்டுகளுக்கு இருநூறு ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், இருபத்திரண்டாம் தேதிக்குள். சாய்ந்தமருதில் இரும்பு கடைகிற எங்கள் லேத் கடைக்கு இதுவரை ரிப்பேர் வேலையைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. "கொழும்புக்குக் குடுக்காம உங்களுக்குத் தாறன், இன்ஸாப். என்ட மானத்த வாங்கிப்போடாதங்க" என்றார்.

நானே தீட்டுகிற ஹைஸ்பீட் கத்தி இந்த எண்ணிக்கைக்குச் சரிவராது, ஸ்டெயின்லெஸ்ஸில் மழுங்கிக்கொண்டே இருக்கும். கத்தி நுனியில் திருகிப் பூட்டுகிற கார்பைட் டிப் வேண்டும். கல்முனையில் டூல்ஸ் கடை வைத்திருக்கிற றிஸ்கான் மஞ்சள் டிப் ஒரு பெட்டி தந்தான்.

ஜூலை 9

பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து லேத்தைப் போட்டேன். முதல் சுற்றிலேயே டிப் தெறித்தது. ஷாஃப்ட்டில் கீறல். பின்னேரமும் அப்படியே. இரண்டு ஷாஃப்ட் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

ஜூலை 10

இன்றும் இரண்டு.

ஜூலை 12, சனி

றிஸ்கானோடு சண்டை. "டூப்ளிகேட் சாமான வித்துப்போட்டு என்னடா கதைக்கிறாய்?" என்று கடையில் ஆட்கள் நிற்கக் கத்தினேன். அவன் முகம் செத்துப்போனது. "ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இதுதான் மச்சான் சரி. வேற எடுக்காத" என்று மட்டும் சொன்னான். கொழும்பிலிருந்து இதைவிடக் கடினமான ரகம் எடுப்பித்திருக்கிறேன்.

ஜூலை 15

கடினமானது இன்னும் கெதியாக உடைகிறது! வேகத்தைக் குறைத்தேன். ஆழத்தைக் குறைத்தேன். வேலைதான் சுணங்கியது, உடைவது நிற்கவில்லை. பக்கத்து லேத்தில் என்னோடு வேலை செய்கிற வீரமுனைத் துலக்சன், மிச்சமிருந்த மஞ்சள் டிப்பைப் போட்டு, விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறான். அவனுக்கு ஒன்றுகூட உடையவில்லை. அப்ப என்ட லேத்துலதான் பிழையா?

ஜூலை 16

லேத்தை மாற்றிக்கொண்டோம். அங்கேயும் எனக்குத்தான் உடைந்தது. யா அல்லாஹ், என்ட கைக்கு என்ன வந்த? வீட்டில் சோறு போட்ட மனைவி றஸ்னாவிலும் எரிந்து விழுந்தேன். எண்பத்தொன்றுதான் முடிந்திருக்கிறது.

ஜூலை 19, சனி

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. லேத்தை நிறுத்தினேன். துலக்சன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்ஸாப், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியே?"

"சொல்லு."

"பாங்கு கேட்டதும் டக்கெண்டு சுவிச்ச அடிக்கிறாய். டிப் இரும்பக் கடிச்சபடியே நிக்குது. நானும் நிப்பாட்டுறனான்தான். ஆனா கத்திய முதல்ல பின்னுக்கு எடுத்துப்போடுவன்."

"ஏன்டா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"பாங்கு உங்கட சமய விசயம். அதுல நான் எப்பிடிக் கதைக்கிற?"

பதினைந்து வருடமாக இப்படித்தான் நிறுத்துகிறேன். பாங்கு சொல்லும்போது ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. ஹைஸ்பீட் கத்தி அதைப் பொறுத்துக்கொண்டது. கார்பைட் கண்ணாடி மாதிரி, வெட்டுக்குள் வைத்து நிறுத்தினால் முனை போய்விடும். டிப்பில் பிழையில்லை. றிஸ்கானிலும் பிழையில்லை. சே!

ஜூலை 22

நூற்று இருபத்தாறு கொடுத்தேன். மிச்சத்தை ஹாஜியார் கொழும்புக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஜூலை 23

காலையில் றிஸ்கானின் கடைக்கு, ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்துப் போனேன். "பிழை என்னிலதான்டா. உன்ட சாமான் நல்ல சாமான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மஞ்சள் டிப் ஒரு பெட்டி கேட்டேன்.

"ஓடர் போயிட்டெண்டாங்க. மறுகா இது என்னத்துக்கு?"

"கை பழகோணும்."

பெட்டியைத் தந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைக்கு வந்து டிப்பைப் பூட்டி ஒரு துண்டு இரும்பை ஓட்டிக்கொண்டு நின்றேன். லுஹர் பாங்கு சொன்னது. கை சுவிட்சுக்குத்தான் முதலில் போனது.