புளிமூட்டை என்ற ரகசியச் சொல்

ஜூன் 3, 1957. திங்கள்

சிரம்பான் சம்பந்தம் முறிந்தது. தாம்பூலம் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோ ஒருவன் மாப்பிள்ளையின் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, ‘எக்ஸ்சேஞ்சுல ராத்திரி ஷிப்டு பாக்குற பொண்ணு, கண்டவனோட சிரிப்பும் பேச்சும்’ என்று சொல்லியிருக்கிறான். பெயர் சொல்லவில்லை.

அண்ணன் விநாயகம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “விடு சந்திரா, நமக்குக் குடுத்து வைக்கல” என்றான். பாவம், இரண்டு வருடமாக வேலை தேடி அலைகிறான், இப்போது இது வேறு.

எப்படி விடுவது? மலாக்காவிலிருந்து சிரம்பானுக்குப் போன அழைப்பு நான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தானே போயிருக்கும்? நான் உட்காரும் சுவிட்ச் பலகையிலேயே என் குடியைக் கெடுத்திருக்கிறான், படுபாவி. அவன் யாரென்று பார்க்காமல் விடமாட்டேன்.

ஜூன் 11

வெள்ளைக்கார மேற்பார்வையாளர் அம்மா ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். மெர்டேக்கா, சுதந்திரம், வருகிறதே! அவர் பார்த்த கணக்கு வேலை என்னிடம் வந்தது.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால், போன் வைத்திருப்பவர் எங்களிடம் பதிந்த ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ‘அனுமதி’க் கட்டத்தில் ஒரு கோடு, எந்த ஊர் என்று பக்கத்தில். தப்பாக இருந்தால் ‘மறுப்பு’க் கட்டத்தில் ஒரு கோடு. மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பது என் வேலை.

மே மாதத்தைப் பிரித்தேன். எங்கள் காஜா பேராங் தெருவிலிருந்து சிரம்பானுக்கு ஒரே ஒரு கோடு. ராஜரத்தினம் மளிகைக் கடை!

தைப்பூசத்தின்போது அவருடைய அக்கா மகனுக்கு என்னைக் கேட்டார். இல்லை என்றோம். அதுக்கு இப்படியா? இரு, உனக்கு இருக்கு.

ஜூன் 12

ராத்திரி கடை அடைத்ததும் ராஜரத்தினம் வழக்கம்போலச் சிங்கப்பூர் கேட்டார். லைன் பிஸி என்றேன். பிஸி இல்லை.

ஜூன் 20

இன்றும் பிஸி. நேற்றும். சிங்கப்பூர்க்காரன் கேட்காத வெங்காயத்தை அனுப்ப, நிறுத்தச் சொல்ல இவரால் முடியாமல், அது மூட்டையோடு அழுகிவிட்டதாம். தெருமுனை வரை நாற்றம். எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஜூலை 2

ராஜரத்தினமே எக்ஸ்சேஞ்ச் கவுண்டருக்கு வந்து நின்றார். சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது.

“ஏம்மா, மாசம் பத்து தடவ பேசுனா அதிகம். மே மாச பில்லுல முப்பதுக்கு மேல போட்டிருக்கீங்களே! சிரம்பானுக்கு நான் ஏம்மா பேசுறேன்? அங்க எனக்கு யாரு இருக்கா?”

“உங்க சொல்ல யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா மாமா?”

“சத்தியமா இல்ல லா! எம் பொண்டாட்டிக்கே தெரியாது.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லைன் இரைச்சலில் இந்த மனிதர் ஒவ்வொரு முறையும் ‘புளிமூட்டை! புளிமூட்டை!’ என்று தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்கும். தமிழ் மறந்து மலாயே பேசும் சிட்டி வீட்டுப் பிள்ளைகள்கூட ஒளிந்து விளையாடும்போது அதைத்தான் கத்துகின்றன. அவர் இல்லாத நேரத்தில் தெருவே வந்து பேசும்; தெருவுக்கே அது ஒரு போன், தெருவுக்கே அது ஒரு சொல். இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகிய வெங்காயத்துக்கு என்ன சொல்வது? கோபம் குறையவும் இல்லை. ஆள்தான் மாறினான்.

ஜூலை 3

மாமாவுக்குப் புதுச் சொல் கொடுத்தாகிவிட்டது. “கத்தாதீங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று மூன்று முறை சொன்னேன். பழைய புளிமூட்டையை மட்டும் நீக்கவில்லை. தெருவில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லிப் பேசட்டும், அந்தக் காசை நான் கட்டுகிறேன். அவன் ஒருநாள் வருவான்.

ஜூலை 24

மூவாரிலிருந்து வரன். பள்ளிக்கூட வாத்தியார். “நல்ல இடம்மா” என்றான் அண்ணன். முகம் என்னவோ போல இருந்தது. போன தடவை பட்டது அவனுக்கும் வலிக்கும் அல்லவா?

ஆகஸ்ட் 14. புதன்

என்னோடு வேலை பார்க்கும் சீதாவுக்குக் காய்ச்சல். அவளுடைய மத்தியான ஷிப்டை நான் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை.

மாமா சாப்பிடப் போகும் நேரம். பலகையில் அவர் கடை விளக்கு எரிந்தது. எடுத்தேன்.

“புளிமூட்டை. மூவார் குடுங்க.”

அண்ணன்.

என் அண்ணன்! மாமா சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்வது அவன்தானே. ‘துங்கு செகெஜாப்’ என்று குரலை மாற்றி மலாயில் காத்திருக்கச் சொன்னேன். இணைத்தேன். ஒட்டுக்கேட்கக் கூடாது. கேட்டேன்.

“ராத்திரி ஷிப்டு பாக்குற பொண்ணுங்க... கண்டவனோட...”

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

ஏன்டா? நான் போயிட்டா சம்பளம் வராது, கோப்பிக் கடைக்குக் காசு வராது, அதானே? அதுக்கு என் மானத்தையாடா வித்த? நான் கழுவுற தட்டுலதானடா திங்கிற?

பிறகு மூவாரை நானே கூப்பிட்டேன். “ஐயா, இப்ப பேசுனது என் அண்ணன். நான் போயிட்டா அவருக்குச் சோறு போட ஆள் இல்ல. வேற காரணம் இல்ல. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.” மாப்பிள்ளையின் அப்பா, “எங்கிட்ட இவ்வளவு பேசுறியே, அவன்கிட்ட பேசிட்டியா?” என்று கேட்டார். “இல்லங்க, இனிமேதான்” என்றேன். சிரித்துவிட்டார்.

இரவு அண்ணனுக்கு ரசம் ஊற்றினேன்.

“மூவாருலேருந்து சேதி ஏதும் வந்துச்சா?” என்றான்.

“வந்துச்சுண்ணே. வர்ற வாரம் பாக்க வர்றாங்க. புளிமூட்டைன்னு ஒருத்தர் போன் போட்டாராம், அவர நல்லா விசாரிச்சாங்க.”

கை சோற்றிலேயே நின்றது. நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

ஆகஸ்ட் 31

பண்டார் ஹிலிர் திடல் முழுக்க மெர்டேக்கா, மெர்டேக்கா என்று ஒரே சத்தம். அண்ணனும் கொடியோடு போனான். மூவார் சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது; நான் அங்கே மாற்றல் கேட்டு எழுதினேன்.

நவம்பர் 19. மூவார்

கல்யாணத்துக்கு அண்ணன் வந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் பேசாமலே போனான். நானும் பேசவில்லை. மலாக்காவை விட்டு வரும் அன்று, கடைசி வேலையாக அந்தப் பழைய சொல்லை நீக்கிவிட்டு வந்தேன்.

இன்று பலகையில் மலாக்கா விளக்கு எரிந்தது. சீதா.

“அக்கா, உங்க அண்ணன் லைன்ல இருக்காரு. ராஜரத்தினம் கடையிலேருந்து. புளிமூட்டை, புளிமூட்டைங்கிறாரு. மூணு நாளா உங்களத்தான் கேக்குறாரு. குரலே சரியில்லக்கா. குடுத்துடவா?”

“அந்தச் சொல்லு சரியா?”

“தப்புதான்.”

“மறுப்புல கோடு போட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“போடு” என்றேன்.