எருமை நடக்கிற ஏரிக்கு ஒரு சோனார்

தடா,
ஜனவரி 21.

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜோனத்தானுக்கு நைனா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே அம்மா சுகம், படகு சுகம், நான் மட்டும் கொஞ்சம் ஜலதோஷத்தோடு சுகம். அந்த ஹாலிபாக்ஸ் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். என் ஜலதோஷம் எப்படி வந்தது என்று போனில் கேட்டாய், அம்மா பாதி சொல்வதற்குள் சிரிப்பு வந்து போனை வைத்துவிட்டாள், மீதியை நானே எழுதிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நம் சபையில் ஞானஸ்நானத்துக்காகச் சனிக்கிழமையே தொட்டியில் நாலு அடித் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். படகுக்கு வாங்க நினைத்த ஆழம் காட்டும் மிஷின் ஒன்றை நாயுடுபேட்டைக் கடையில் சும்மா சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள், நாலு அடி என்று தெரிந்த தண்ணீரில் அது நாலு என்று காட்டுகிறதா பார்த்துவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை. பாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, பனியனும் லுங்கியுமாகத் தொட்டியில் இறங்கி, மிஷினின் ஒயரில் தொங்குகிற குமிழைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஷின் எட்டு என்றது. குமிழைத் திருப்பிப் பிடித்தேன், மறுபடியும் எட்டு. அந்த நேரம் பார்த்து மாதர் சங்கம் முழுவதும் கோயில் பெருக்க வந்தது. ரோஹிணி டீச்சர் துடைப்பத்தோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாண்ணா, மொத வாட்டி எடுத்தது பத்தலையா?" என்றார்கள். நான் மெதுவாக இன்னும் கொஞ்சம் முங்கினேன், வேறு என்ன செய்வது. அவர்கள் பெருக்கி முடித்துப் போகும்வரை ஏறவில்லை, அதில் பிடித்த ஜலதோஷம்தான் இது.

இந்த மிஷினுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நீ நினைப்பாய். ஆகஸ்டில் நாங்கள் ஏரியில் சேற்றில் மாட்டின கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன் சித்தி தபிதாவைப் பார்க்க ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோம், குறுக்கு வழி எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்லி ஓட்டினேன், நட்டநடு ஏரியில் படகு பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. தள்ளினால் நகரவில்லை. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அப்போது எங்கள் பக்கத்திலேயே நாலைந்து எருமைகள் நிதானமாக நடந்து போயின, தம்பி, நடந்து. பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்த நாகையா என்னைப் பார்த்து, ஏம் தியோடர்காரு, பஸ் பிரேக்டவுனா என்று கேட்டுவிட்டுப் போனார். சித்தூர் திருப்பதி ரூட்டில் அத்தனை வருஷம் பஸ் ஓட்டி ஒரு நாளும் ஓரத்துப் பள்ளத்தில் இறக்காதவன் நான். வீட்டுக்கு வந்து கால் கழுவினபின் அம்மா வாயைத் திறந்தாள். "இன்னொரு வாட்டி என்னைச் சேத்துல குந்த வெச்சீங்கன்னா அன்னிக்கே படகை வித்துடணும், சொல்லிட்டேன்." சரி என்று நானும் தலையாட்டினேன். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கே தெரியும், பரீட்சை நேரத்தில் டிவி போட்டால் விற்றுவிடுவேன் என்றவள் விற்றே விட்டாளே. அதற்குப் பிறகு அவள் படகுப் பக்கமே வரவில்லை, கிறிஸ்துமஸுக்குக்கூட அக்கா தங்கை பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது சித்தி தீவில் புது வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபத்துக்குத் தேதி வைத்துவிட்டாள். சொந்தப் படகை வைத்துக்கொண்டு சர்வீஸ் படகில் டிக்கெட் எடுத்துப் போய் இறங்கினால் ஊர் என்னைச் சும்மா விடுமா. ஆழம் காட்டும் மிஷின் வைத்தால் வருகிறேன் என்று அம்மா கடைசியில் இறங்கி வந்தாள், ஆனால் அந்தப் பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது என்றும் சொன்னாள். ஆக, மிஷின் தவறினால் படகு போச்சு.

நீ அனுப்பின சோனார் மிஷின் லிங்கைப் பார்த்தேன், பெரிய கலர் திரை, மேப்பு, அறுநூறு மீட்டர் ஆழம்வரை காட்டும் என்று போட்டிருந்தது. எனக்கும் ஆசைதான். நாயுடுபேட்டையில் பம்புசெட் கடை வைத்திருக்கிற சபீனா இந்த மாதிரி சாமான்களும் வரவழைத்துக் கொடுக்கிறாள், அவளிடம் போய் அதையே கேட்டேன். அங்கிள், அறுநூறு மீட்டர் எதுக்கு, உங்க ஏரில எருமை நடந்து போவுதாமே என்றாள். நாகையா எங்கெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார் பார். பிறகு அவள் பொறுமையாக விளக்கினாள். குமிழ் கீழே ஒரு சத்தம் அனுப்புகிறது, அது தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போட்டு ஆழம் சொல்கிறது. ஆழ்கடலுக்குச் செய்தது இடுப்பளவுத் தண்ணீரில் திணறும், சத்தத்தை அனுப்பி முடிப்பதற்குள்ளேயே அது திரும்பி வந்துவிடும். அதனால் எவ்வளவு ஆழம்வரை காட்டும் என்று கேட்கக்கூடாது, எவ்வளவு கம்மித் தண்ணீரில்கூடக் காட்டும் என்று கேட்க வேண்டும். தொட்டியில் எட்டு காட்டின மிஷினும் அவள் கொடுத்ததுதான், அதுவும் கோளாறு இல்லையாம், டைல்ஸ் தரைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் சத்தம் மோதி மோதி இரண்டு தடவை எண்ணிவிட்டதாம், அதற்குச் சண்டையும் போட நினைத்துத்தான் போயிருந்தேன், மிஷினை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு வகை இருக்கிறது, பந்து மாதிரி தண்ணீரில் எறிந்துவிட்டு போனில் பார்ப்பது. வெயிலில் போன் திரை எனக்குக் கறுப்பாகத்தான் தெரிகிறது, போன் தண்ணீரில் விழுந்தால் ஆழம் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் சாதாரணமானதாக ஒன்று எடுத்தேன். படம் கிடையாது, மீன் எங்கே என்று காட்டாது, பெரிய எழுத்தில் நம்பர் மட்டும், வெயிலில் பளிச்சென்று தெரிகிறது, ஒன்றரை அடித் தண்ணீரிலும் காட்டும், நம் ஏரியின் கொழகொழச் சேற்றையும் தரை என்று ஒத்துக்கொள்கிறது. ஸ்கூட்டர் பேட்டரி போதும்.

போன சனிக்கிழமை புறப்பட்டோம். திரையை என் பக்கம் பார்த்து மாட்டியிருந்தேன், அம்மா ஏறின உடனே அதைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். இரண்டு அடிக்குக் கீழே போனால் கீச்சென்று கத்துகிற மாதிரி சபீனா வைத்துக் கொடுத்திருந்தாள், ஆனால் அம்மா அதை நம்பாமல் தானே நம்பர் படித்துக்கொண்டு வந்தாள். நாலு, நாலு, மூணரை, மூணு. சித்தூர் டிப்போவில் எனக்கு வாய்த்த கண்டக்டர் ஒருத்தரும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. நடுவில் இரண்டரைக்கு வந்ததும் இடது பக்கம் போங்க என்றாள், எனக்குத் தெரியாதா என்றேன், தெரிஞ்சிதான் ஆகஸ்ட்ல குந்திக்கினு இருந்தோமா என்றாள். திருப்பினேன், தண்ணீர் மூணுக்கு ஏறினது. அதற்குப் பிறகு அவளே வழி சொன்னாள், நான் ஓட்டினேன், பாட்டுகூடப் பாடினாள். கரை நெருங்கினபோது சித்தி மஞ்சள் புடவையில் ஓரத்தில் நிற்பது தெரிந்தது. அம்மா சட்டென்று எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, ஏ தபி, ஏ தபி என்று கத்த ஆரம்பித்தாள். ஐந்து மாசத்துக் கத்தல் தம்பி அது. படகு மெதுவாகப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தது, பாஸ்டர் முதற்கொண்டு அத்தனை பேரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இன்ஜினை நிறுத்திவிட்டுப் படகு போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா குனிந்து மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தப்பு என்னுதுதான். நம்பரைப் பாக்காம வுட்டுட்டேன். அது கத்திக்கினு இருந்திருக்கும், என் காதுல வுழல." அவ்வளவுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தானே இறங்கிவிட்டாள், சித்தியும் அந்தப் பக்கமிருந்து இறங்கி வந்தாள், இரண்டு பேரும் சேற்றில் நின்றே கட்டிக்கொண்டு அழுது, சிரித்து, வீட்டுக்குப் போனபோது புடவை இரண்டும் ஒரே நிறம். ஜெபம் நன்றாக நடந்தது, பிரியாணியும் நன்றாக இருந்தது. படகை விற்கிற பேச்சே எழவில்லை. திரும்பி வரும்போது, அடுத்த மாசமும் போவோம், எனக்கு ஒரு குஷன் போடுங்க என்றாள்.

அந்தப் பெரிய சோனாரை நீ ஆர்டர் பண்ணியிருந்தால் உடனே கேன்சல் பண்ணிவிடு, மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதை விடாதே, ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. அம்மா பின்னின குல்லா இத்தோடு வருகிறது, கொஞ்சம் பெரிதாக இருக்கும், போட்டுக்கொள். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. இதையெல்லாம் போனில் சொல்ல வழியில்லை, அம்மா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாள், அதனால் நானே சூளூர்பேட்டை போய்ப் போஸ்ட் பண்ணுகிறேன். அவள் தப்பு என்னுது என்று சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. மிஷின் கத்தினது எனக்கு நன்றாகக் கேட்டது. கை இன்ஜின் பிடியில்தான் இருந்தது, திருப்பியிருக்கலாம், ஆனால் திருப்பினால் நிற்கிறவள் விழுந்துவிடுவாள், அந்தக் கத்தலை நிறுத்தி அவளை உட்காரச் சொல்ல வேண்டும். வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு நேராகவே விட்டேன்.

இப்படிக்கு
உன் நைனா
தியோடர்