மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வயிற்றைச் சுருக்கப் போகிறவளுக்கு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாயாடியும் அதே மாதிரி இருக்க வேண்டும். உன் நலமறிய ஆவல் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னதிலிருந்து ஆவல் எங்கே போனது என்று தெரியவில்லை, கவலைதான் இருக்கிறது. வாயாடி பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கின படத்தை நான் வேலை செய்கிற லாண்டரியில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டேன், போர்வை மடிக்கிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இஸ்திரி போடுகிறவள், பேத்திக்கு இந்த வாய் எங்கிருந்து வந்ததுன்னு கேக்கவே வேணாம்க்கா என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, மேடை ஏறினதில்லை, என் பேத்தி ஏறிவிட்டாள், எனக்கு அது போதும். அவளுக்கு என் சார்பில் இரண்டு முத்தம் கொடு, ஒன்று கொடுத்தால் கணக்குக் கேட்பாள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன் பாப்பா. போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே ஒன்பது சொல்வாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், கடிதத்துக்குள் புகுந்து உன்னால் பேச முடியாது. அன்றைக்கு நீ போனில், அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டேன், உனக்கு வயித்தைச் சுருக்கிச் செஞ்சாங்களே அதேதான் எனக்கும், அவர்கிட்ட அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லப் போறேன், அவர் போன் பண்ணிக் கேட்டா நீயும் ஆமா இங்கதான் இருக்கான்னு சொல்லிடும்மா, முடிஞ்சப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன் என்றாய். ஏன்டி என்றால், அவர் வேண்டாம்பார், அவர் சொன்னா நான் மாறிடுவேன் என்றாய். உடம்பு உன்னுடையது, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. மூச்சு வாங்குகிறது, சர்க்கரை ஏறிவிட்டது, பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியவில்லை என்றால் செய்துகொள்ளத்தான் வேண்டும், என்னைவிட அது யாருக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன், பூசணிக்காய் பாதியாகிப் போனதை மறைக்கப் பார்க்கிறவள் நீ ஒருத்திதான்.

உள்ளதைச் சொல்லும்மா, ஆஸ்பத்திரியில எல்லாரும் சிரிச்ச முகமாவே சொல்றாங்க என்று கேட்டாயே, சொல்கிறேன். கண் விழித்ததும் வயிறெல்லாம் காற்று அடைத்தது போல் தோள் வரைக்கும் குத்தும், படுத்துக்கொண்டால் போகாது, எழுந்து வராந்தாவில் நடந்தால்தான் போகும், நர்ஸ் எழுப்பினால் அவளைத் திட்டாதே, நான் திட்டினேன், அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிக்கிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடு, இனிமேல் குருவி குடிக்கிற மாதிரிதான். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையவே கிடையாது, அரை மணியாவது கழியட்டும். விக்கினால் தண்ணி குடிடி என்று உன் தலையில் தட்டி வளர்த்தவள் நான்தான், இப்போது மாற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முட்டையோ மீனோ பயறோ முதலில், சோறும் ரொட்டியும் இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். போதும் என்று வயிறு சொல்லும் என்று காத்திருக்காதே, அது நம் பழைய வயிறு இல்லை, மூக்கு ஒழுகும், விக்கல் வரும், நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கும், அதுதான் அது சொல்கிற போதும், அதற்கு முந்தின வாயோடு நிறுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. சில மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வரும், பயப்படாதே, திரும்ப முளைக்கும், எனக்கு முளைத்திருக்கிறது, முன்னைவிடச் சுருட்டையாக. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, நல்லாத்தானே இருக்கேன் என்று நிறுத்தினால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். மூட்டுவலி தலைவலி என்று கடையில் மாத்திரை வாங்கி வாயில் போட்டுக்கொள்ளாதே, டாக்டரைக் கேட்காமல் கூடாது, புண்ணாகிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு சாயங்காலம் எங்களைப் போல வயிறு சுருக்கினவர்களை வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசவிடுவார்கள், உன் ஆஸ்பத்திரியிலும் இருக்கும், தவறாமல் போ. டாக்டர் சொல்லாததை அங்கேதான் சொல்வார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருத்தர் வருவார், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், முதல் வருஷம் வண்டி இறக்கத்துல தானா போவும், அதைப் பார்த்து என்ஜின் நல்லாருக்குன்னு நினைச்சுக்காதீங்க, சமதரை வந்தாத்தான் தெரியும், அங்க மிதிச்சாத்தான் போவும். நிஜம்தான் பாப்பா, எடை ஒரு இடத்தில் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது, பழைய ஆசைகள் எல்லாம் மெல்லக் கதவைத் தட்டின, நடையும் கட்டுப்பாடும் அப்போதுதான் வேலைக்கு வந்தன. இன்னொருத்தி தையல்காரி, கை கால் எல்லாம் தோல் தொங்கிப் போய், துணி பெருசாயிட்டா நான் பிடிச்சுத் தச்சுடுவேன், தோலை எந்த மெஷின்ல கொடுத்துத் தைக்கிறது என்பாள், எல்லாரும் சிரிப்போம், சிரித்துவிட்டுப் பெண்கள் நாங்கள் அவரவர் புடவையை இழுத்து மூடிக்கொள்வோம். அவள் தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார், எழுப்பிக் கேட்டால் அவள் என்ன மாத்திரை எப்போது போட வேண்டும் என்று பாடம் ஒப்பிப்பார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

ஏன் என்றால் உங்கப்பாவுக்கு அந்தப் பாடம் யாரும் சொல்லித் தரவில்லை. என்ன சாப்பிடலாம் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்கிற நேரம் மதியச் சாப்பாட்டு நேரமாக அமைந்துவிட்டது, அந்த நேரத்தில் பாக்டரி கேன்டீனை விட்டு உங்கப்பா எப்படி வருவார், தொழிற்சாலை முழுக்கத் தட்டோடு நிற்கும். அவர் சமைக்கிற கை உனக்குத் தெரியும், வாளி வாளியாகத்தான் அளவு வரும், ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்த முதல் நாள் எனக்குக் காய்கறி சூப் என்று பெரிய அண்டாவில் வைத்தார், நான் நாலு கரண்டி குடித்தேன், மீதியைத் தெருவுக்கே ஊற்றினோம். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சத்து மாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள், சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருக்கும், நான் தினமும் முகத்தைச் சுளிப்பேன். சாப்பிடுகிறவர்கள் முகம் சுளித்தால் சமையல்காரனுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் எனக்குத் தெரியாமல் அதில் தாராளமாகத் தேனை ஊற்றிக் கலக்கிக் கொடுத்துவிட்டார், வாய்க்கு நல்லாருக்கட்டுமே என்று. நானும் ஆசையாகக் குடித்தேன். இந்த வயிற்றுக்கு இனிப்பு அப்படி மொத்தமாக இறங்கினால் ஆகாது பாப்பா, கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, வயிறு முறுக்கி, கண்ணு இருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அங்கிருந்த சின்ன வயசு டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்ன சார், ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாத்தீங்களா என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். உங்கப்பா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் சாப்பிடுகிற எதையும் அவர் தொடுவதில்லை. கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார். நான் மேஜையில் உட்கார்ந்தால் அவர் பக்கத்து அறைக்குப் போய் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். என்னங்க, ஒரு முட்டை வேகவச்சுக் கொடுங்களேன் என்று நானாகக் கேட்டுப் பார்த்தேன், நீயே போட்டுக்கம்மா, உனக்குத்தான் அளவு தெரியும் என்கிறார். கோபமாகச் சொன்னால் பதிலுக்குச் சண்டை போடலாம், அவர் மரியாதையாகச் சொல்கிறார். என் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது பாப்பா, விருந்தாளியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறார், புருஷனிடமிருந்து யாருக்கு வேண்டும் மரியாதை. நம் வீட்டில் பேச்சே சாப்பாட்டின் மேல்தானே நடக்கும், உப்பு பத்தலை, உனக்கு நாக்கு செத்துடுச்சு, போடி, வாடி என்று. அது போய்விட்டது. எனக்கு முழங்கால் வலி போனது, சர்க்கரை மாத்திரை போனது, மாடிப்படி ஏறுகிறேன், லாண்டரியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன், ஆபரேஷன் செய்துகொண்டதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த மனுஷனைக் கூட்டிக்கொள்ளாமல் நான் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டேனே, அதற்குத்தான் வருத்தம். வயிற்றை வெட்டியது எனக்கு, பட்டினி கிடக்கிறது அவர்.

இப்போது உன் வீட்டை நினைத்துப் பார். மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேருக்குப் போய் முழங்கை வரைக்கும் கிரீஸோடு வந்தாலும் ஒரு கையில் பொட்டலத்தைச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டுதான் வருவார், நான் வந்திருந்தபோது பார்த்தேனே. வாயாடி தூங்கினதும் நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன சோபாவில் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு கதை பேசுவீர்கள். ஆபரேஷன் முடித்துவிட்டு வந்து நீ எனக்கு வேண்டாம் என்பாய், அவர் ஏன் என்பார், நீ ஏதோ ஒரு பொய் சொல்வாய், அவர் மறுநாளும் வாங்கி வருவார், உனக்குப் பிடித்ததாகப் பார்த்து. உங்கப்பாவாவது தெரியாமல் ஒரு தடவை தேன் கலந்தார், இவர் தினமும் கலப்பார். இன்னும் ஒன்று. வீட்டுக்கு வந்தபிறகு காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு நிற்காமல் படபடத்தாலோ, வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், உள்ளே தையல் விட்டிருந்தால் உயிருக்கு ஆபத்து. நீ சுருண்டு கிடக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் அஜீரணம் என்று நினைத்து சோடா வாங்க ஓடுவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியுமா. அதோடு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, ஒன்றரை வருஷமாவது பொறுக்க வேண்டும் என்பார்கள், அதையும் அவரிடம் சொல்லாமல் எப்படித் தள்ளிவைப்பாய், எனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது, நீயே யோசி. அவர் சொன்னால் மாறிவிடுவேன் என்கிறாயே, மாறுகிற மனசாக இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் மாறட்டும், பின்னால் மாறி என்ன செய்ய.

நேற்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றுதான் சொன்னாய், எனக்கு முடியவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நாள், உயிருக்கு ஒன்றும் ஆகாதே, எதையும் கேட்கவில்லை, மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். உட்கார்ந்து ரொம்ப நேரம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்துதான் இருந்தது. பாவம்டி அந்தப் பையன், அவன் கையால அவளுக்கு ஏதாவது ஆயிடப் போவுது, முதல்ல அவனைக் கூட்டிட்டுப் போயி உக்காரவச்சுச் சொல்லித்தரச் சொல்லு என்றார். மாப்பிள்ளையை உங்கப்பா அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது கண்ணு. மாப்பிள்ளை போன் பண்ணி அவ அங்க இருக்காளா அத்தை என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். எங்கே என்று கேட்டால், அதை நீதான் சொல்ல வேண்டும். காட்டிக்கொடுத்துவிட்டாள் அம்மா என்று நீ என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன், பேசாத வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமாகிவிட்டது, நீ அப்படி ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. ஆபரேஷன் தேதியை மாற்ற வேண்டாம், சொல்கிற தேதியை அதற்கு முன்னால் வை. உங்க முகம் பார்த்தா எனக்குத் தைரியம் போயிடும்னுதான் சொல்லலை என்று அதையே சொல்லு, கோபித்துக்கொள்வார், அப்புறம் உன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்.

நீ நல்லபடியாகப் படுத்து நல்லபடியாக எழுந்து, என் பேத்தி பின்னால் ஓடி அவளைப் பிடித்து இரண்டு சாத்து சாத்துகிற பலத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும், மாப்பிள்ளையும் உன்னோடு வாழ வேண்டும். மறக்காதே, இப்போதிருந்தே மெதுவாக மென்று சாப்பிடப் பழகு, தினமும் கொஞ்சம் நட. லீவுக்கு லாண்டரி மேஸ்திரியிடம் சொல்லிவைத்துவிட்டேன், வந்து உன் பக்கத்தில் இருக்க எனக்கு ஆசைதான். ஆனால் சொல்லிட்டேம்மா வா என்று நீ போன் பண்ணாதே, உன்னை எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பண்ணச் சொல். அத்தை வாங்க என்று அவர் குரலில் கேட்ட பிறகுதான் பை கட்டுவேன்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா